அட்டை வரும்வரை நோய் காத்திருக்காது: கனடாவில் அகதிகளுக்கான மருத்துவ நிதி

கனடாவில் மருத்துவக் காப்பீடு மாகாணங்களின் கையில் இருக்கிறது. தஞ்சம் கோரி வந்து இறங்குபவருக்கு முதல் நாளிலேயே மாகாணக் காப்பீட்டு அட்டை கிடைத்துவிடாது. நீரிழிவோ, பிரசவமோ, குழந்தையின் காய்ச்சலோ அதுவரை பொறுத்திருப்பதில்லை. இந்த இடைவெளியை அடைக்க மத்திய அரசு பணம் தரும் ஏற்பாடுதான் இடைக்கால மத்திய மருத்துவத் திட்டம். 1957இல் பிறந்த ஓர் அரசாணையே இதன் வேர். மருத்துவர், மருத்துவமனைச் செலவோடு மருந்து, அவசரப் பல் சிகிச்சை, மூக்குக்கண்ணாடி, மனநல ஆலோசனை ஆகியவையும் இதில் அடங்கும். சிகிச்சை அளித்தவரே பில்லை அனுப்பிப் பணம் பெற்றுக்கொள்வார்.

2012 ஜூன் இறுதியில் அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு இதைக் கடுமையாக வெட்டியது. ஐந்து ஆண்டுகளில் 10 கோடி டாலர் மிச்சமாகும் என்பது அரசின் கணக்கு. தஞ்சம் கோரியவர்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின் போன்ற அன்றாட மருந்துகள் நின்றுபோயின. ‘பாதுகாப்பான நாடுகள்’ என அரசு பட்டியலிட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய நோய் பிறருக்கு ஆபத்தாக இருந்தால் மட்டுமே சிகிச்சைக்குப் பணம், மாரடைப்புக்குக்கூடக் கிடையாது. யாருக்கு எது உண்டு என்ற குழப்பத்தில், தகுதி உள்ளவர்களையும் சில கிளினிக்குகள் திருப்பி அனுப்பின.

அந்த மிச்சம் உண்மையான மிச்சம் அல்ல. மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டிய நோய் முற்றி அவசரப் பிரிவுக்கு வந்தது. செலவு மருத்துவமனைகள் மீதும் மாகாணங்கள் மீதும் விழுந்தது. கியூபெக் உடனே தன் பணத்தில் ஈடுகட்டியது. ஒன்டாரியோ 2014 தொடக்கத்தில் தனியாக ஒரு தற்காலிகத் திட்டத்தைத் தொடங்கியது.

எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர்கள் மருத்துவர்களே. அகதி நோயாளிகளுக்காகக் குரல் கொடுப்பது தங்கள் தொழிலின் கடமை என்று அவர்கள் கருதியது பெருமைக்குரியது. வெள்ளைக் கோட்டுடன் டொராண்டோவில் ஓர் அமைச்சரின் அலுவலகத்தில் அமர்ந்து போராடினார்கள். அமைப்பாகத் திரண்டு வழக்கும் தொடுத்தார்கள். 2014 ஜூலை 4 அன்று மத்திய நீதிமன்ற நீதிபதி ஆன் மக்டாவிஷ், இந்த வெட்டு கொடூரமானது, வழக்கத்துக்கு மாறானது, அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். குழந்தைகள் படும் பாட்டை அவர் தனியே எடுத்துக்காட்டினார். அரசு அந்த நவம்பரில் ஒரு பகுதியை மட்டும் திருப்பிக் கொடுத்தது. ஆட்சி மாறிய பின், 2016 ஏப்ரல் 1 முதல் திட்டம் முழுமையாக மீண்டது.

2025 பட்ஜெட்டில் மத்திய அரசு இந்தத் திட்டத்தில் மீண்டும் கை வைத்திருக்கிறது. மருத்துவர், மருத்துவமனைச் செலவைத் தொடர்ந்து ஏற்கும். மருந்து, பல், கண் சிகிச்சை போன்ற துணைச் சேவைகளில் ஒரு பங்கை நோயாளியே கட்ட வேண்டும் என்கிறது. வேலை கிடைக்காத முதல் மாதங்களில் சிறு தொகையும் மருந்தைத் தள்ளிப்போட வைக்கும்.