உங்களுக்குத் தெரியுமா? டயரை விடாமல் பிடிக்கும் பட்டாளத்துச் சக்கரம்

★ டயரை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பது நட்டும் இல்லை, பசையும் இல்லை. உள்ளே அடைத்த காற்றுதான். அதன் அழுத்தம் டயரின் இரண்டு ஓரங்களையும் ரிம்மின் விளிம்பில் அமுக்கி வைக்கிறது. அந்த ஓரத்துக்குத்தான் மெக்கானிக்குகள் 'பீட்' என்கிறார்கள். காற்றை நன்றாக இறக்கிவிட்டுச் சேற்றில் ஸ்டியரிங்கை ஒடித்தால் பீட் நழுவும். ட்யூப்லெஸ் டயரென்றால் அந்த நொடியே காற்று மொத்தமும் போய்விடும். ட்யூப் உள்ளதென்றால், ரிம் சுற்ற டயர் பின்தங்கி, ட்யூபையும் இழுத்து வால்வை வேரோடு பிய்த்துவிடும். காற்றை நம்பாமல் இந்த ஓரத்தை இரும்பால் இறுக்கிப் பிடிக்கும் ஏற்பாடுதான் பீட்லாக்.

★ ஆனைமலை, சேத்துமடை, வேட்டைக்காரன்புதூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். ஐப்பசி மழையில் ஊறிய தோப்பு மண்ணில் டிராக்டர் ஏறிப் போகும். பின்னாலேயே வரும் ஜீப் புதையும். டிராக்டரின் பெரிய டயர்கள் மிகக் குறைந்த காற்றில் ஓடுபவை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கணக்காகவே பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள ஜீப்பில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 375 கிலோ, அதாவது ஏறக்குறைய 827 பவுண்டு. டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க 27 அல்லது 28 சதுர அங்குலம் தரையைத் தொட்டால் போதும். காற்றை 10 பவுண்டுக்கு இறக்கினால் ஏறக்குறைய 83 சதுர அங்குலம் தேவைப்படுகிறது. டயர் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நிஜத்தில் மூன்று மடங்கு வராது. ஆனாலும் டயர் நீளவாக்கில் படுத்து, மண்ணைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். சாதாரண ரிம்மில் 15 பவுண்டுக்குக் கீழே போவது அபாயம். பீட்லாக் இருந்தால் எட்டு, ஆறு என்றுகூட இறக்குகிறார்கள். பீட்லாக் வண்டிக்கு ஒரு குதிரைச் சக்தியைக்கூடக் கூட்டாது. காற்றைத் துணிந்து இறக்க இடம் கொடுக்கும், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் அழகுக்காக மாட்டுகிறவர்கள் எடையைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள்.

★ பீட்லாக்கில் இரண்டு சாதி உண்டு. பந்தய வண்டிகளில் வெளிப்புறம் ஒரு வளையம், அதைச் சுற்றிலும் வரிசையாகப் போல்ட்டுகள் தெரியும். அது வெளி ஓரத்தை மட்டும் பிடிக்கும். பட்டாளத்துச் சக்கரம் வேறு வகை. ரிம்மே இரண்டு பாதி. நடுவில், டயருக்குள்ளே, ஒரு வளையம். இரண்டு பாதியையும் போல்ட் போட்டு முடுக்கும்போது உள்வளையம் இரண்டு ஓரங்களையும் உள்ளிருந்து நெருக்கிப் பிடிக்கிறது.

★ இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளிலேயே இந்தச் சக்கரம் வந்துவிட்டது. முதலில் வந்த ஜீப்புகளில் ஒரே துண்டு ரிம். அப்புறம் வந்தவற்றில் 16 அங்குல விட்டமும் 4.50 அங்குல அகலமும் கொண்ட இரு துண்டு 'காம்பாட் ரிம்'. அதன் நோக்கம் சேறு அல்ல, குண்டு. டயர் ஓட்டையாகிக் காற்று முழுக்கப் போனாலும், டயர் கழன்று விழாமல் வண்டி ஆபத்தான இடத்தைத் தாண்டிவிட வேண்டும். சேற்றிலும் மணலிலும் பாறையிலும் அது உதவும் என்பது, போர் முடிந்து அந்தச் சக்கரங்கள் உபரிச் சாமானாக வெளியே வந்த பிறகு கிடைத்த லாபம்.

★ காற்றை ஏற்றி இறக்கும் வேலையை ஓட்டுநரின் இருக்கையிலிருந்தே செய்யும் வசதி 1942-இல் வந்த 'டக்' என்னும் அமெரிக்க நீர்-நில லாரியிலேயே இருந்தது. கடலிலிருந்து மணலில் ஏறும்போது இறக்குவார்கள், ரோட்டுக்கு வந்ததும் ஏற்றுவார்கள்.

★ மஹிந்திரா நிறுவனம் 1945-இல் தொடங்கியது இரும்பு வியாபாரத்துக்காக. 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்தின் ஜீப்புகளை இன்றும் மலையோரங்களில் பார்க்கலாம். பட்டாள ஏலத்தில் பேர்போன இன்னொரு வண்டி ஜோங்கா. நிசான் பேட்ரோலை மூலமாகக் கொண்டு 1969 முதல் 1999 வரை ஜபல்பூரில் செய்தது. இன்று படைத்துறை உபரிச் சாமான்கள் பெரும்பாலும் இணைய ஏலத்தில் போகின்றன, எம்.எஸ்.டி.சி. என்னும் பொதுத்துறை நிறுவனம் இந்த ஏலங்களை நடத்துகிறது.

★ கோவை மண்டலத்துக்கு மோட்டார் பித்து இன்று நேற்று வந்ததல்ல. ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரு வண்டியை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார், தானே ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். நிறுவனம்.

★ வில்லிஸ் ஜீப்பின் சக்கரம் மாருதி ஜிப்ஸியின் போல்ட்டில் உட்காரும் என்றால் நம்புவீர்களா? இரண்டிலும் ஐந்து போல்ட். அவை அமைந்த வட்டத்தின் விட்டம் இரண்டிலும் 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். ஆனால் உட்காருவது வேறு, பொருந்துவது வேறு. நடு ஓட்டையின் அளவு, நட்டின் சாய்வு, பிரேக் டிரம்முக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதே 139.7 வட்டத்தில் ஆறு போல்ட் உள்ள வண்டிகளும் உண்டு, பழைய லேண்ட் குரூசர் மாதிரி.

ஐந்து போல்ட்டில் எதிரெதிர் ஓட்டை இல்லை என்பதால் விட்டத்தை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துப் போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 82.1 மி.மீ. வந்தால் வட்டம் 139.7. ஏலச் சாமானைப் பார்க்கப் போகும்போது பையில் வெர்னியர் இருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

★ உலகம் முழுக்கத் தேடப்படும் உபரிச் சக்கரம் அமெரிக்க 'ஹம்வீ' வண்டியுடையது. எட்டு போல்ட், 165.1 மி.மீ. வட்டம், பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு போல்ட்டுகளால் பிணைத்த இரண்டு பாதி. பலரும் சறுக்கும் இடம் அதன் விட்டம்: 16.5 அங்குலம். கடையில் கிடைக்கும் 16 அங்குல டயரை அதில் ஏற்றவே கூடாது. அரை அங்குலம்தானே என்று ரப்பரை இழுத்து மாட்டிக் காற்றடித்தால், ஓரக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

அடுத்த சிக்கல், இந்த ரிம் வண்டிக்கு உள்பக்கமாக வெகுவாகத் தள்ளி நிற்கும். மற்ற வண்டியில் மாட்டினால் லீஃப் ஸ்பிரிங்கிலோ டை ராடிலோ உரசும். ஆகவே நடுத் தட்டை வெட்டி எடுத்து, வேறு தட்டை வேறு இடத்தில் வைத்து வெல்டிங் செய்கிறார்கள். கோவையின் லேத் பட்டறைகளில் இந்த வேலைக்கான கை இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெல்டிங் சூட்டில் தட்டு வளையும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லையென்று கண்ணால் கண்ட பிறகே சக்கரத்தை வாங்குங்கள். 'சும்மா ஓடும்ங்க' என்ற உத்தரவாதம் இதற்குப் போதாது.

★ இரண்டு பாதியாகப் பிரியும் சக்கரத்தை நீங்கள் ஏற்கனவே பார்த்திருக்கிறீர்கள். பழைய பஜாஜ் ஸ்கூட்டரின் ரிம் இரண்டு பாதிதான். ஆட்டோவின் ரிம்மும் அப்படியே. உள்வளையம் மட்டும் இருக்காது. பொதுவாக விமானச் சக்கரங்களும் இரண்டு பாதியைப் போல்ட்டால் பிணைத்தவைதான். பட்டாளத்துச் சக்கரத்தையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே: காற்றை முழுக்க வெளியேற்றாமல் பாதிகளைப் பிணைக்கும் நட்டில் ஸ்பேனர் படக் கூடாது.

இதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாளத்துச் சக்கரத்தில் இரண்டு வரிசை நட்டு. ஒன்று சக்கரத்தை வண்டியில் பிடிக்கிறது, மற்றது ரிம்மின் பாதிகளைப் பிடிக்கிறது. வண்டியில் பஞ்சர் என்று இறங்கிய புது ஆள் இரண்டாவது வரிசையைக் கழற்றத் தொடங்கினால், கடைசி இரண்டு மூன்று நட்டு மிச்சமிருக்கும்போது காற்று அவற்றை முறித்துக்கொண்டு ரிம்மை முகத்தில் எறியும். வால்வின் ஊசியையே கழற்றி எடுத்து, சத்தம் நின்ற பிறகும் ஒரு கம்பியை விட்டு அடைப்பு இல்லையென்று பார்த்து, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். ரிம் நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைப்பது நல்ல பழக்கம். யார் கழற்ற வந்தாலும் கை நிற்கும்.

★ லாரிக்காரர்கள் 'ரிங்' என்று சொல்லும் லாக் ரிங் பீட்லாக் அல்ல. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால், காற்றடிக்கும்போது ரிங் தெறித்த கதை சொல்லாதவர் இருக்க மாட்டார். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு வசதியாகக் கழற்றி மாட்டும் வளையம் அது. பீட்டை உள்ளிருந்து நெருக்கிப் பிடிக்கும் வேலை அதற்கில்லை. பெயரில் 'லாக்' இருக்கிறதே என்று நம்பிக் காற்றை இறக்கி ஓட்ட வேண்டாம். காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். நம் கடைகளில் சங்கிலியையாவது சுற்றிவிட்டு அடித்தால் நல்லது.

★ உள்வளையம் எந்த டயருக்கும் பொதுவல்ல. ஓரத்தின் தடிமன் டயருக்கு டயர் மாறும். வளையத்தின் அகலம் கூடினால் இரண்டு பாதியும் முழுக்கச் சேராது; குறைந்தால் பிடிப்பே இருக்காது. பாதிகள் முழுக்க ஒட்டியிருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முடுக்குவதும் வரிசையாக அல்ல, எதிரெதிராக. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு சுற்று முடுக்குங்கள். பெயின்ட் அமுங்கி நட்டு இளகியிருக்கும்.

★ ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். தோப்பில் எட்டு பவுண்டில் ஓட்டிய வண்டியை அப்படியே இந்த ரோட்டில் ஏற்றினால், பீட்லாக் டயரை விடாது. ஆனால் டயர் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். வளைவில் வண்டி தத்தளிக்கும். பீட்லாக்கால் தடுக்க முடியாத கோளாறு இது. தார் ரோட்டைத் தொட்டதும் கம்ப்ரஸரை மாட்டிக் காற்றை ஏற்றிவிட வேண்டும். இரும்புச் சக்கரத்தின் கூடுதல் எடையையும் நிறுத்த வேண்டியது பிரேக்தான். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுங்கள்.

★ சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே பந்தயத் திடலுக்கும் சொந்தத் தோப்புக்கும் ஒரு செட், ரோட்டுக்குக் கம்பெனிச் சக்கரம் ஒரு செட் என்று வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

★ சக்கரம் எவ்வளவு நல்லதானாலும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்க யாருக்கும் உரிமையில்லை. அக்காமலையின் புல்மேடுகளுக்குள் நுழையவே கட்டுப்பாடு உண்டு. சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து நிற்கும் அந்தச் சரிவில் ஒரு டயர்த் தடம் விழுந்தால், அடுத்த மழையில் அதுவே வாய்க்கால். தண்ணீர் தடத்தோடு ஓடி மண்ணை அறுத்துக்கொண்டு போகும். புல் திரும்ப வர வருடங்கள் ஆகும். ஆழியாறு, பரம்பிக்குளம் அணைகளுக்கு நீர் தருவது இந்த மலைகள்தான். பொள்ளாச்சித் தென்னை பிழைத்திருப்பது அந்த நீரில். ஓட்ட ஆசையிருந்தால், உரிமையாளர் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் ஓட்டுங்கள். ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் இந்தியப் பதிப்பு 2014 முதல் கோவாவில் நடக்கிறது. கை நன்றாகப் பழகியவர்கள் அங்கே போகலாம்.

★ உபரிச் சக்கரம் டயரோடு வந்தால், டயர் சுவரில் உள்ள தேதிக் குறியைப் படியுங்கள். கடைசி நான்கு எண் 2311 என்றிருந்தால், 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மூன்றே எண் இருந்தால் 2000-க்கு முந்தையது. கிடங்கில் ஓடாமலே கிடந்த டயரில் பூ குறையாமல் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். முடி போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், இரும்புக்கு மட்டும் விலை பேசுங்கள்.