எண்ணும் சூழலும்: சிக்கலான சுகாதாரத் தலையீடுகளை மதிப்பிடல்

ஒரு மருந்து பயன்தருமா என்பதனை அறிதற்கு இன்று பெரிதும் கைக்கொள்ளப்படும் முறை எழுமாற்றுப் பரிசோதனையாகும். காசநோயாளர் 107 பேரை எழுமாறாக இரு குழுக்களாக வகுத்து, ஸ்ரெப்ரோமைசின் மருந்தின் பயனை ஆராய்ந்து, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இம்முறையின் வரலாற்றில் முதன்மையானது. எவர் எக்குழுவிற் சேர்வர் என்பதனை வைத்தியரின் விருப்பு வெறுப்புத் தீர்மானிக்காமையே இம்முறையின் வலிமையாகும்.

ஆனால், சுகாதார முயற்சிகள் யாவும் மருந்தினைப் போன்றனவல்ல. கிராமத்துப் பெண்கள் கூடிக் கலந்துரையாடுவதனாற் பச்சிளங் குழந்தைகளின் மரணம் குறையுமா என வினவுவோமாயின், பல கூறுகளும் மனித உறவுகளும் ஒன்றையொன்று பாதிப்பதனைக் காண்போம். இத்தகையனவே சிக்கலான தலையீடுகள் எனப்படுவன. மேற்கூறிய சபை இவற்றுக்கென 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல் 2008இலும் 2021இலும் திருத்தப்பட்டது. பயன் விளைந்ததா என்பதோடு எவ்வாறு, யாருக்கு, எச்சூழ்நிலையில் விளைந்தது என்பனவும் இன்று ஆய்வின் வினாக்களாகியுள்ளன.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் 2001 முதல் 2003 வரை நடைபெற்ற ஆய்வு இதற்குத் தக்க உதாரணமாகும். உள்ளூர்ப் பெண்ணொருவரின் வழிநடத்தலிற் பெண்கள் மாதந்தோறும் கூடினர். பேறுகாலப் பிரச்சினைகளைத் தாமே இனங்கண்டு தீர்வுகளை வகுத்தனர். இங்கு எழுமாறாகத் தெரியப்பட்டவை கிராமப் பிரிவுகளேயன்றித் தனிப் பெண்களல்லர். கூட்டத்திற் கேட்டதனை ஒருத்தி அயலாளிடம் கூறாதிருப்பாளா? எனினும், பிறப்புகள் பல்லாயிரமாயினும் ஒப்பிடப்படுவன 24 பிரிவுகளே என்பதனைக் கணிப்பில் மறத்தலாகாது. மறப்பின் தற்செயலான வேறுபாடும் பயனெனத் தோன்றிவிடும். உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு, குழுக்கள் இயங்கிய பிரிவுகளில் 26.2 மரணங்களும் ஏனையவற்றில் 36.9 மரணங்களும் நிகழ்ந்தன.

இதேவகை முயற்சியின் இரு பரிசோதனை முடிவுகள் 2010இல் வெளிவந்தன. இந்தியாவின் ஜார்க்கண்ட், ஒரிசா மாநிலங்களில் மரணம் 32 சதவீதத்தாற் குறைந்தது. வங்காளதேசத்தின் மூன்று மாவட்டங்களிலோ குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. எண்ணை மட்டும் நோக்குவோர் இம்முயற்சி அங்குத் தோற்றதென முடிவுகட்டியிருப்பர். ஆனால், முயற்சி நடைமுறைப்பட்ட விதத்தை ஆராயுமிடத்து வேறோர் உண்மை புலனாகின்றது. இந்தியாவில் 468 பேருக்கு ஒரு குழு இருந்தது. வங்காளதேசத்தில் 1,414 பேருக்கே ஒரு குழு இருந்தது. குழுக்கள் பெருக்கப்பட்ட பின்னர், அதே மாவட்டங்களில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில் ஆயிரத்துக்கு 30.1க்கு எதிராக 21.3 மரணங்களே பதிவாயின. ஓர் ஊரிற் சிலர் மட்டும் கூடுவது அறிவுரை கேட்டலாக நின்றுவிடலாம். பலர் கூடுமிடத்து அது கூட்டுச் செயலாகின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாதல் என்பது இதுவே.

சராசரி எண் வர்க்க வேறுபாட்டினை மறைப்பதும் உண்டு. இந்திய ஆய்வின் பின்னைய பகுப்பாய்வு, மிக ஒடுக்கப்பட்ட பிரிவினரிடையே மரணக் குறைவு கூடுதலாயிருந்தமையைக் காட்டிற்று. யாருக்கு என்னும் வினா எழுப்பப்படாதிருப்பின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பெண்கள் கூடினாற் போதும், வைத்தியசாலையும் மருத்துவமாதும் வேண்டியதில்லை என அரசுகள் இம்முடிவுகளுக்குப் பொருள்கொள்ள முற்படலாம். மக்வான்பூரில் இருசார்ப் பிரிவுகளிலும் சுகாதார சேவைகள் மேம்படுத்தப்பட்டிருந்தன. ஆகவே, அவ்வாய்வு நிறுவியது சேவையோடு இணைந்த கூட்டுச் செயலின் பயனையேயன்றிச் சேவையின்மைக்கு அது மாற்றீடாகும் என்பதனையன்று.

சமூகத் தளத்தினின்றும் பிரித்தெடுத்த இலக்கியம் எங்ஙனம் பொருள் குன்றுமோ, அங்ஙனமே சூழலினின்றும் பிரித்த எண்ணும் பொருள் குன்றும். எண்ணைக் கைவிடுதல் இதற்குத் தீர்வாகாது. எழுமாற்று ஒப்பீடின்றேல் நம் விருப்பங்களையே உண்மையெனக் கொள்வோம். எண்ணை உருவாக்கிய மனிதரையும் நிலைமைகளையும் ஆய்வின் தொடக்கத்திலிருந்தே உடன்வைத்து ஆராய்வதே விஞ்ஞான நோக்காகும்.