மேற்கோள் பெருகினால் உண்மை ஆகிவிடுமா?

2021 ஆகஸ்ட் 26ஆம் நாள் மலேசியாவில் 24,599 பேருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. டெல்டா அலை உச்சத்தில் இருந்த காலம் அது. மலாக்கா மாநிலத்தின் சுங்கை ரம்பாயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் மலாக்கா நகருக்கோ மூவாருக்கோ கொண்டு போகவேண்டும். போனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கிடைக்குமா என்ற பயம் நாடெங்கும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் பலர் ஒட்டுண்ணிக்கான ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேடினார்கள். "ஆராய்ச்சியே சொல்லியிருக்கிறது" என்ற பேச்சும் கூடவே பரவியது.

எந்த ஆராய்ச்சி? அதிகம் பேசப்பட்டவற்றுள் ஒன்று, 2020 நவம்பரில் எகிப்திலிருந்து வெளியானது. சக வல்லுநர்களின் சரிபார்ப்புக்கு முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட அந்தக் கட்டுரை, ஐவர்மெக்டின் மரணத்தைப் பெருமளவு குறைக்கிறது என்றது. பிற ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்க்கும் தொகுப்பாய்வுகளிலும் அதன் எண்கள் ஏறின. லண்டனில் படித்த மருத்துவ மாணவர் ஜாக் லாரன்ஸ் அதன் தரவுகளிலிருந்த முரண்களை வெளிக்கொண்டுவந்த பிறகு, 2021 ஜூலையில் கட்டுரை விலக்கப்பட்டது. ஆனால் அதன்மேல் கட்டிய நம்பிக்கை அதற்குள் உலகம் சுற்றிவிட்டது.

ஐவர்மெக்டின் பயன் தருமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை தந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. 2021 மே இறுதி முதல் அக்டோபர் வரை நமது அரசு மருத்துவமனைகளில் ஐ-டெக் என்ற ஆய்வு நடந்தது. 50 வயதோ அதற்கு மேலோ ஆன, வேறு நோய்களும் உள்ள 490 பேரின் முடிவுகள் கணக்கில் எடுக்கப்பட்டன. ஐவர்மெக்டின் பெற்ற 241 பேரில் 52 பேருக்கு நோய் கடுமையானது. பெறாத 249 பேரில் 43 பேருக்கு. மாத்திரை நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜாமா குழும இதழில் இது வெளியானது. இன்று ஐவர்மெக்டின் பற்றி எழுதும் எவரும் இந்த மலேசிய ஆய்வைக் கடந்து போக முடியாது.

மீண்டும் மேற்கோளுக்கு வருவோம். ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டுகிறார்கள் என்ற கணக்கை ஆய்வுலகம் மதிப்பின் அளவுகோலாக வைத்திருக்கிறது. பதவியும் நிதியும் அதைப் பார்த்தே பல இடங்களில் கிடைக்கின்றன. பெருந்தொற்று அந்த அளவுகோலையே ஆட்டம் காணச் செய்தது. லான்செட் மருத்துவ இதழின் தாக்கக் குறியீடு, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணிக்கை, 2020இல் 79. அடுத்த ஆண்டே 202. எல்லாரும் ஒரே நோயைப் பற்றி, ஒரே சில கட்டுரைகளைச் சுட்டி எழுதியதால் வந்த வீக்கம் இது. இதழின் தரம் ஓராண்டில் இரண்டரை மடங்கு உயர்ந்துவிடவில்லை.

பிரான்சில் 36 நோயாளிகளை மட்டும் வைத்து 2020 மார்ச்சில் வந்த, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கோவிட்டுக்கு உதவும் என்ற கட்டுரை 3,000க்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டது. அது திரும்பப் பெறப்பட்டதோ 2024 டிசம்பரில். 96,000 நோயாளிகளின் விவரம் என்று சர்ஜிஸ்பியர் நிறுவனம் தந்த தரவை நம்பி லான்செட் வெளியிட்ட கட்டுரை, இரண்டே வாரத்தில், 2020 ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. அதே நாளில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழும் அந்நிறுவனத் தரவில் எழுந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகும், இவற்றுள் ஒன்றையேனும் சுட்டிய 200 கட்டுரைகளை சயன்ஸ் இதழ் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை திரும்பப் பெற்றதைச் சொல்லாமலே அவற்றை ஆதாரமாகக் காட்டியிருந்தன.

திரும்பப் பெற்ற கட்டுரையைத் தொடர்ந்து சுட்டும் இந்த வழக்கம் மயக்கவியல் துறைக்குப் புதிதல்ல. அறுவைக்குப் பிந்தைய வலி நிவாரணம் பற்றி எழுதிய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ரூபன், தரவுகளைப் புனைந்தது 2009இல் அம்பலமானது. அடுத்த ஐந்து ஆண்டுகளிலும் அவருடைய கட்டுரைகள் 274 முறை மேற்கோள் காட்டப்பட்டன. அவை திரும்பப் பெறப்பட்டவை என்று தெளிவாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. அறுவை அரங்கில் மயங்கிக் கிடப்பவரும் வெண்டிலேட்டரில் இருப்பவரும் கேள்வி கேட்க முடியாதவர்கள். அவர்களுக்கான மருந்தை முடிவு செய்யும் துறையில் செத்த கட்டுரை உயிரோடு உலவுவது மன்னிக்க முடியாதது.

தகுதியால் பெருகிய மேற்கோள்களும் உண்டு. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தால் மரணம் பாதியாகக் குறையும் என்று 2013இலேயே காட்டிய பிரெஞ்சு ஆய்வைக் கோவிட் காலத்தில் உலகமே மீண்டும் புரட்டியது. டெக்ஸாமெதசோன் என்ற மலிவான மருந்து வெண்டிலேட்டரில் இருப்போரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை, 6,400க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு நிறுவியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒப்பிட்டு, எண்ணிச் சொன்ன ஆய்வுகள் இவை.

தோட்டப்புறத்திலிருந்து மருத்துவம், தாதியியல், மருந்தாளுமை படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கட்டுரையைச் சுட்டுமுன் அதை முழுதாகப் படியுங்கள். திரும்பப் பெற்ற கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் அதன் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், கட்டணம் இல்லை. அடுத்த முறை "ஆராய்ச்சி சொல்கிறது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், வீட்டிலுள்ள பெரியவர்களும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? அந்தக் கட்டுரை இன்னும் நிலைத்து நிற்கிறதா? விடை கிடைக்காத மருந்தை வாங்காதீர்கள், பிறருக்கும் அனுப்பாதீர்கள்.