புது வீட்டுச் சமையலறை: எதற்குச் செலவு செய்யலாம், எதைத் தள்ளிப் போடலாம்?

மல்லாட்டையில் டிக்கா நோய், உளுந்தில் மஞ்சள் தேமல் என்று எழுதும் வாசகர்களிடமிருந்து இப்போது வேறொரு கேள்வியும் வருகிறது. "புது வீடு கட்டுகிறோம். சமையலறைக்கு மாடுலர் கப்போர்டு, சிம்னி, கூரை வரை டைல்ஸ் என்று மேஸ்திரி பட்டியல் கொடுத்திருக்கிறார். நகையை அடகு வைத்தால்தான் முடியும். செய்யலாமா?" என்று திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்.

இது கட்டடக் கேள்வி மட்டுமல்ல, சாகுபடிக் கேள்வியும்கூட. விழுப்புரம் மாவட்டத்தில் பல வீடுகளில் சம்பா நடவுக்கும் உரத்துக்கும் கைகொடுப்பது அந்த நகைதான். அது கப்போர்டுக்குப் போய்விட்டால் ஆடி, ஆவணியில் கந்துவட்டிக்காரரைத் தேட வேண்டிவரும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகிற வேலையை இப்போதே நன்றாகச் செய்யுங்கள். சுவர்மேல் மாட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

மின்சாரம்: 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சூடேறிக் கருகும். அடுப்பு, கிரைண்டர், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. செப்பு வயர், முறையான எர்த் வேண்டும். ஈரக்கையோடு மிக்ஸியைத் தொடும் இடம் இது. அதனால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் போடுங்கள். பூச்சு வேலைக்கு முன் குழாய், வயர் போகும் வழியைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும்.

தண்ணீர்: ஊராட்சிக் குழாய்த் தண்ணீருக்கு ஒன்று, மாடித் தொட்டித் தண்ணீருக்கு ஒன்று என இரண்டு குழாய் இழுங்கள். மரக்காணம் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு அதிகம் என்பதால் சிங்க், குழாய் இரண்டையும் தரமானதாக வாங்க வேண்டும். சிங்க் 304 ரக எவர்சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். கழிவுநீரைச் சாக்கடைக்கு விடாமல் வடிகட்டும் தொட்டி வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பலாம். இதற்கான குழாயைத் தரை போடும் முன்பே பதித்துவிட வேண்டும்.

காற்று: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். தரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரமும், மேலே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு துவாரமும் கட்டும்போதே விட்டால் செலவே இல்லை. பிறகு சுவரை உடைத்தால் கூலியும் பூச்சும் சேரும்.

மேடை: தினமும் சமைப்பவரை நிற்க வைத்து அளவெடுங்கள். முழங்கையை மடக்கினால் வரும் உயரத்துக்கு நான்கு அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகுவலி குறையும். இதற்குக் கூடுதல் பணம் எதுவும் ஆகாது. மேடைக்குக் கருங்கல் கிரானைட் போட்டால் புளி, எலுமிச்சைக் கறை பிடிக்காது. மார்பிளை அந்தப் புளிப்பு அரித்துவிடும்.

ஃபெஞ்சல் சொன்ன பாடம்

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மரத்தூள் அட்டையில் செய்த கப்போர்டு வெள்ளத்தில் நனைந்தால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. எனவே மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகளும் அலுமினியம் அல்லது பி.வி.சி. கதவும் போதும். கரையானும் அண்டாது. பலகைதான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டைக் கேளுங்கள். தரைமட்டத்தை உங்கள் தெருவில் அன்று நின்ற தண்ணீருக்கு மேலே உயர்த்துங்கள். பிளக்குகளை மேடைக்கு மேலேயே வையுங்கள். கப்போர்டை மாற்றிவிடலாம். கட்டி முடித்த வீட்டின் தரையை உயர்த்த முடியாது.

தானியத்துக்கும் இடம் வேண்டும்

நம் சமையலறை சேமிப்புக் கிடங்கும்கூட. நகரத்து வரைபடத்தைப் பார்த்துக் கட்டினால் மல்லாட்டை மூட்டைக்கும் விதை உளுந்துக்கும் இடம் இருக்காது. அடுப்பின் ஆவி படாத பக்கம் காற்றோட்டமுள்ள சிறு அறையோ அகலமான பரணோ விடுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். மல்லாட்டையைக் காயாகவே, ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் காயவைத்துச் சேமிக்க வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு உருவாகும். பளபளக்கும் கப்போர்டைவிட இந்த அறை உங்களுக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

பிறகு செய்யலாம், விட்டுவிடலாம்

சிம்னி, மாடுலர் இழுப்பறைகள், அலங்கார விளக்கு ஆகியவற்றை எந்த அறுவடைக்குப் பிறகும் வாங்கலாம். சிம்னிக்குப் பிளக்கும் துவாரமும் மட்டும் இப்போது விட்டு வையுங்கள். டைல்ஸ் மேடைக்கு மேல் இரண்டடி போதும், மீதிக்குப் பெயிண்ட் அடிக்கலாம். நான்கைந்து மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலனைப் பற்றி யோசியுங்கள். 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். கலன் பிறகு வரட்டும், அடுப்பு வரை குழாய் போகச் சுவரில் இப்போதே வழி விடுங்கள்.

கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் கிடைக்கிறது. அந்தத் தொகைக்குள் கட்டுபவர்களுக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். முதலில் தரைமட்டம், எர்த், கழிவுநீர். அழகு கடைசியில்தான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: மேஸ்திரியின் பட்டியலை எடுத்து, பிறகு செய்தாலும் சுவரை உடைக்க வேண்டியிராத ஒவ்வொரு வரியையும் அடித்துவிடுங்கள். மிஞ்சியதற்குக் கையிலுள்ள பணம் போதுமா என்று கூட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் டைல்ஸைக் குறையுங்கள், வயரைக் குறைக்காதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். நடவு வருகிறது.