பிரசன்னா (கித்தார் கலைஞர்)

பிரசன்னா தமிழ்நாட்டைச் சேர்ந்த கித்தார் இசைக் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். கருநாடக இசையைக் கித்தாரில் வாசிப்பதற்காகப் பெரிதும் அறியப்படும் இவர், ராக், ஜாஸ் இசைகளிலும் பங்களித்துள்ளார்.

வாழ்க்கை

இராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா, திருவாரூர் பாலசுப்பிரமணியம், வயலின் கலைஞர் அ. கன்னியாகுமரி ஆகியோரிடம் கருநாடக இசை பயின்றார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் கற்றார். பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் இசை பயின்றார்.

கித்தாரில் கமகம்

கித்தாரில் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளன. கருநாடக இசையிலோ சுரங்களுக்கு இடைப்பட்ட அசைவான கமகமே இராகத்திற்கு உயிர் தருகிறது. எனவே கித்தார் இவ்விசைக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

இதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, அழுத்திய விரலை எடுக்காமல் தந்தியின் மேல் நகர்த்துதல். மற்றொன்று, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தல். இழுக்கும்போது சுருதி உயர மட்டுமே செய்யும். ஆகவே இறங்கும் கமகத்திற்குத் தந்தியை முன்னரே இழுத்து வைத்து, மீட்டியபின் தளர்த்த வேண்டும். வீணையிலும் இவ்விரு முறைகளும் உண்டு. ராக் கித்தார் கலைஞர்களும் தந்தியை இழுத்தே வாசிக்கின்றனர். மின்கித்தாரில் ஒலி நீண்டு நிற்பதால், ஒரே மீட்டில் பல அசைவுகளைக் காட்ட இயலும்.

பிரசன்னாவுக்கு முன்பே சுகுமார் பிரசாத் கருநாடக இசையை மின்கித்தாரில் வாசித்துள்ளார். மின் மாண்டலினில் உ. சீனிவாசு (1969–2014) புகழ்பெற்றார்.

ராக், ஜாஸ் இசை

மெக்சிகோவில் பிறந்த கார்லோசு சந்தானா 1960களின் இறுதியில் ஆப்பிரிக்க-கியூபத் தாளங்களை ராக் கித்தாருடன் இணைத்து, இலத்தீன் ராக் இசையைப் பரவலாக்கினார். அதுபோல, தாம் பயின்ற மரபையும் ராக் இசையையும் பிரசன்னா இணைத்தார். 2006இல் வெளியான இவரது 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' இசைத்தொகுப்பு, ராக் கித்தார் கலைஞர் சிமி என்ட்ரிக்சுக்குச் செலுத்திய அஞ்சலியாகும். அதன் பெயர், என்ட்ரிக்சு 1968இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' தொகுப்பை நினைவூட்டுகிறது.

பியானோ கலைஞர் விசய் ஐயர், தபேலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் இணைந்து 2011இல் 'தீர்த்தா' என்னும் தொகுப்பை வெளியிட்டார்.

பிற பணிகள்

பிளவுபட்ட உதட்டுடன் பிறந்த சிறுமியைப் பற்றிய 'சுமைல் பிங்கி' (2008) ஆவணப்படத்திற்கு இவர் இசையமைத்தார். அப்படம் 2009இல் சிறந்த குறு ஆவணப்படத்திற்கான ஆசுக்கர் விருது பெற்றது. தமிழ்நாட்டில் 2010இல் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசைக் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.