ஒரு காலில் முப்பத்திரண்டு சுற்று

1895 ஜனவரி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாரியின்ஸ்கி அரங்கில் ‘ஸ்வான் லேக்’ பாலே. மந்திரவாதியின் மகள் ஓடிலாக வந்த இத்தாலிய நடனமணி பியரினா லெக்னானி, ஒற்றைக் கால் நுனியில் நின்று முப்பத்திரண்டு முறை சுழன்றார். ஓராண்டுக்கு முன்பே ‘சின்ட்ரெல்லா’வில் இதை ஆடி அவர் ஊரை வாயடைக்க வைத்திருந்தார். ரஷ்ய நடனமணிகளுக்கு ஒரே தவிப்பு: இந்த அம்மா எப்படிச் சுற்றுகிறார்?

அந்தச் சுழற்சியின் பெயர் ஃபூயெத்தே. பிரெஞ்சில் சாட்டையால் விளாசியது என்று பொருள். நம் பிள்ளைகள் பம்பரத்தில் சுற்றும் கயிற்றுக்கும் சாட்டை என்றுதானே பெயர்! ஆனால் பம்பரத்துக்கு ஒரு முறை சுற்றி விட்டால் போதும். நடனமணி ஒவ்வொரு சுற்றுக்கும் தனக்குத்தானே சாட்டை போட வேண்டும்.

எப்படி? சுற்று முடிந்து முகம் பார்வையாளர் பக்கம் வரும் கணத்தில், நிற்கும் காலின் முழங்கால் மடங்கி, குதிகால் தரையில் படிகிறது. உடம்பு நின்றுவிட்டதுபோல் தோன்றும். ஆனால் மற்றொரு கால் நிற்கவில்லை. முன்னால் நீண்டு பக்கவாட்டுக்கு வீசிக்கொண்டே போகிறது. சுழல்வேகம் முழுவதும் அந்தக் காலில் தங்கியிருக்கிறது. குதிகால் தரையை உந்தும்போது, உராய்வில் இழந்தது திரும்பக் கிடைக்கிறது. அடுத்த நொடி, நுனிக்கு எழும்பிக் காலை முழங்காலோடு மடக்குகிறார். சேமித்த வேகம் உடம்புக்கு மாறுகிறது. தட்டாமாலை சுற்றும் குழந்தை விரித்த கையை ஒடுக்கினால் வேகம் கூடுகிறதே, அதே கணக்குதான். அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் கென்னத் லாஸ் தானே பாலே பயின்று, இந்தக் கணக்குகளை 1984-இல் புத்தகமாகவே எழுதினார்.

தலைக்குத் தனி வேலை. உடம்பு திரும்பத் தொடங்கினாலும் கண் ஒரே புள்ளியை விடாது. கழுத்து இனித் தாங்காது என்ற கட்டத்தில் தலை மட்டும் சட்டென்று சுற்றி, மறுபடி அதே புள்ளிக்கு வந்துவிடும். தலைசுற்றலை அடக்கி வைப்பது இதுதான். நுனியில் நிற்கும் காலைத் தாங்கும் காலணியின் முனையிலோ இரும்பும் இல்லை, மரமும் இல்லை. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக இறுகிய பெட்டி அது.

லெக்னானியின் வித்தையை ரஷ்யர்களில் முதலில் கைவசப்படுத்தியவர் மெத்தில்தா க்‌ஷெஸின்ஸ்கா. பிறகு அது ரகசியமாக இருக்கவில்லை. அதே ஊரில் 1738-இல் தொடங்கிய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியையான அக்ரிப்பினா வாகனோவா, இத்தாலியர்களின் பலத்தையும் பிரெஞ்சுக்காரர்களின் மென்மையையும் இணைத்து ஒரு பாடமுறையே வகுத்தார். 1934-இல் அது நூலாக வந்தது. இன்று அவர் பெயரைத் தாங்கும் அந்த அகாதமியில் பத்து வயதில் சேரும் பிள்ளைக்கு எட்டு ஆண்டுப் படிப்பு. முதலில் கைக்கம்பியைப் பிடித்தபடி முழங்கால் மடக்கிப் பழகுவார்கள். பார்க்க எளிய அசைவு. ஆனால் வகுப்பு ஏற ஏற வரும் தாவல், சுழற்சி எல்லாம் அந்த மடக்கலிலிருந்துதான் கிளம்புகின்றன. வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்தாக வேண்டும். வசதியான கால் என்ற சலுகை வகுப்பில் கிடையாது.

வகுப்புக்கு முன்னால் யாராவது ஒருவர் பூவாளியோடு வந்து, கால் வழுக்காதபடி மரத்தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். பியானோ ஒலிக்கும். பிள்ளைகள் கம்பியைப் பிடித்து முதல் மடக்கலுக்குத் தயாராவார்கள்.