வெள்ளியில் மழை பெய்ததா?

பக்கத்து உலகங்கள் – 9

1978 டிசம்பர் 9. வெள்ளிக் கோளின் மேகத்துக்குள் பாராசூட்டில் தொங்கியபடி ஒரு கலம் இறங்கிக்கொண்டிருந்தது. நாசா அனுப்பிய ‘பயனியர் வீனஸ்’. காற்றை உறிஞ்சி, அதில் எந்த வாயு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி ஒன்று அதற்குள் இருந்தது. தரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கருவியின் மூக்கு அடைத்துக்கொண்டது. அடைத்தது மேகத்தின் துளி. நம் ஊர் மேகம் என்றால் தண்ணீர். அங்கே கந்தக அமிலம். இன்னும் 20 கிலோமீட்டர் கீழே போய், சூட்டில் அது ஆவியாகிப் போகும்வரை கருவிக்கு வெளிக்காற்றே சரியாகக் கிடைக்கவில்லை.

அந்த நேரத்து அளவுகளைக் குப்பை என்று ஒதுக்கியிருக்கலாம். தாமஸ் டொனஹியூவும் சகாக்களும் ஒதுக்கவில்லை. மூக்கு அடைபட்டிருந்தபோது கருவி அளந்தது அந்த அமிலத் துளியிலிருந்து கசிந்த ஆவியைத்தானே? அதிலுள்ள ஹைட்ரஜனை எண்ணிப் பார்த்தார்கள். ஹைட்ரஜனில் சாதாரணமானதும் உண்டு, அதைப்போல் இரு மடங்கு கனமான டியூட்டீரியமும் உண்டு. நம் கடல்நீரில் ஏறத்தாழ 6,400 அணுவுக்கு ஒன்றுதான் கனமானது. வெள்ளியின் துளியிலோ ஏறத்தாழ 60-க்கு ஒன்று! 1982-ல் இதை வெளியிட்டார்கள்.

குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுமே, அந்தக் கதைதான். சூரியனின் புற ஊதாக் கதிர் நீராவியை உடைக்கிறது. லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. கனமானது பெரும்பாலும் பின்தங்குகிறது. குழம்பு கரிக்கிற கரிப்பை வைத்தே முதலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்று கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்குப்படி வெள்ளியில் இன்று இருப்பதைப்போல் குறைந்தது 100 மடங்கு தண்ணீர் ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும்.

இருந்தது சரி. கடலாகக் கிடந்ததா, ஆவியாகவே மிதந்ததா? ஆவியாகவே இருந்து ஓடிப்போயிருந்தாலும் கரிப்பு இதேதான். அங்கே உயிர் இருந்திருக்குமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

வெள்ளியின் மேகம் ஆளை ஏய்ப்பது புதிதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அரேனியஸ், இவ்வளவு மேகம் இருந்தால் கீழே எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்த சதுப்பு நிலமாகத்தான் இருக்கும், செடிகொடி மண்டிக் கிடக்கும் என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால், காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-லேயே கணக்குப் போட்டவரும் இவர்தான். வெள்ளியின் காற்றில் அந்த வாயுதான் 96 சதவீதத்துக்கும் மேல். பாவம், அவருக்கு அது தெரிய வழியில்லை.

1982 மார்ச்சில் சோவியத்தின் வெனேரா 13 அங்கே தரையிறங்கியது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்த கலம், 127 நிமிடம் உயிரோடு இருந்து படம் அனுப்பியது. ஆரஞ்சு வெளிச்சத்தில் தட்டையான, விளிம்பு உடைந்த பாறைப் பலகைகள். அவற்றுக்கு நடுவே மண். சொட்டு ஈரம் இல்லை. வெப்பம் 460 டிகிரி செல்சியஸ் வாக்கில். ஈயம் 327-லேயே உருகிவிடும். காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு.

இந்த அடுப்பில் கடலா? இருந்திருக்கலாம் என்கிறார் நாசாவின் மைக்கேல் வே. 2016-ல் அவர் குழு கணினியில் பழைய வெள்ளியை ஓட்டிப் பார்த்தது. அந்தக் கோள் மகா சோம்பேறி. அங்கே ஒரு பகலும் இரவும் முடிய நமக்கு 117 நாள் ஆகும். அன்றும் அப்படியே சுற்றியிருந்தால், உச்சி வெயில் விழும் பக்கத்திலேயே மேகம் திரண்டு குடை பிடித்திருக்கும். 290 கோடி ஆண்டுகளுக்கு முன் சராசரி வெப்பம் 11 டிகிரி என்று வந்தது விடை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடக்கலாம்! அந்த இதம் 200 கோடி ஆண்டுகள்வரைகூட நீடித்திருக்கலாமாம். பூமியில் நுண்ணுயிர் தலைகாட்ட அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

2021-ல் ஜெனீவாவிலிருந்து மார்ட்டின் டர்பே குழு குறுக்கே விழுந்தது. வே கடலை வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குகிறார். பிறந்தபோது கொதித்துக்கொண்டிருந்த கோளில் அந்தக் கடல் முதலில் எப்படி வந்தது? ஆவியிலிருந்து தொடங்கினால் மேகம் பகல் பக்கத்தில் நிற்பதில்லை, இரவுப் பக்கத்துக்குப் போய் மூடிக்கொள்கிறது. வெயிலை மறைக்கவும் ஆளில்லை. இரவில் ஆற வேண்டிய சூட்டையும் மேகம் கம்பளிபோல் போர்த்தி அடைத்து வைக்கிறது. முதல் மழையே விழாது.

எனக்கு வேயின் கடல்மேல்தான் ஆசை. ஆனால் டர்பேயின் கேள்விக்கு அந்தப் பக்கமிருந்து சரியான பதில் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். (2020-ல் வெள்ளி மேகத்தில் பாஸ்பீன் வாயு, உயிரின் அடையாளம் என்று கிளம்பிய பரபரப்பை இதில் சேர்க்கவில்லை. அந்த அளவீடே இன்னும் வழக்கில் இருக்கிறது.)

சாட்சி சொல்ல ஒரு கல் இருக்கிறது. வெள்ளியில் ‘டெசரா’ என்று கசங்கிய துணிபோல மடிந்து கிடக்கும் பழைய மேட்டு நிலங்கள் உண்டு. அவை நம் வாசற்படியில் கிடக்கும் கிரானைட்டின் இனமாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். எரிமலைக் கல்லான பசால்ட்டுக்குத் தண்ணீர் வேண்டாம். கண்டம் கண்டமாகக் கிரானைட் விளைய வேண்டுமானால், மண்ணுக்குள் நிறையத் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். ஆல்ஃபா ரீஜியோ என்ற டெசரா மேட்டின்மேல் டாவின்சி என்ற கலத்தை இறக்க நாசா திட்டமிட்டிருக்கிறது. சுமார் ஒரு மணி நேர இறக்கம். வழியெல்லாம் காற்றை மோந்து, டியூட்டீரியத்தை மறுபடி எண்ணி, மேகம் விலகியபின் அந்தக் கல்லைப் படம் எடுப்பது அதன் வேலை.

(தொடரும்)